கப்டன் ஒழுங்கை

சோமசேகரத்துக்கு வாழ்க்கையில் மனக்குறைகள் பல. அவற்றில் தலையானது அவருடைய சொந்த விலாசம். யாருக்குக் கடிதம் எழுதினாலும் மூலையில், "கப்டன் ஒழுங்கை, பண்டத்தரிப்பு" என்று தன் கையாலேயே எழுதவேண்டியிருந்தது. அந்தச் சின்னத் தெருவுக்கு எந்தச் சபையும் கூடிப் பேர் வைக்கவில்லை. இராணுவத்தில் கப்டனாக இருந்து இளைப்பாறிய மார்க்கண்டு எதிர்வீட்டில் இருந்தார், தபால்காரன் ஒருநாள் வாய்க்கு வந்தபடி சொன்னான், ஊர் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் அந்த ஒழுங்கையில் மார்க்கண்டுவுக்கு நாலு வருடம் முந்தி வீடு கட்டியவர் சோமசேகரம். முப்பத்தொரு வருடம், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, கொழும்பில் அரசாங்கத்துக்கு எழுதிக் கொட்டிப் பிரதம எழுதுவினைஞராக இளைப்பாறியவர். அந்த உத்தியோகத்தின் பேரில் ஒரு தெரு முடக்குக்குக்கூட ஒருவரும் பேர் வைக்கவில்லை.

மார்க்கண்டு பிறத்தி ஆள் என்றாலும் பரவாயில்லை. சொந்த மாமன் மகன். ஒரே வயது, ஒரே வகுப்பு. 1950இல் இரண்டு பேரும் ஒரே ரயிலில் போய், ஒரே வாங்கில் இருந்து, படையில் அதிகாரியாகச் சேர நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றினார்கள். சோமசேகரத்தின் நெஞ்சளவு அரை அங்குலம் குறைந்துபோயிற்று. மூச்சை இழுத்துப் பிடித்தும் நாடா இரங்கவில்லை. மார்க்கண்டு சீமைக்குப் பயிற்சிக்குப் போனார். சோமசேகரம் அதே படையின் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராகி, அதிகாரிமாரின் லீவையும் இடமாற்றத்தையும் பதவி உயர்வையும் பார்க்கும் மேசையில் உட்கார்ந்தார். மச்சான் சலாம் வாங்க, இவர் அந்தச் சலாமுக்குரிய கடதாசியைத் தட்டச்சு செய்தார்.

இப்போது இரண்டு பேருக்கும் ஐம்பத்தேழு வயது. மார்க்கண்டு வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிவிடும்போதும் முதுகு வளையாது. கோயிலில் காளாஞ்சி கொடுக்கும் நேரம் ஐயர், "கப்டன் எங்கை?" என்று தேடுவார். சோமசேகரம் பக்கத்தில்தான் நிற்பார். தேங்காய்ப் பாதியும் வாழைப்பழமும் அவரைத் தாண்டிப் போகும். வயிறு எரியாமல் என்ன செய்யும்? எரிந்தது. வெளியில் சிரித்துக்கொண்டே நிற்பார், வீட்டுக்கு வந்ததும் மனைவி பாலேஸ்வரி, "இண்டைக்கும் காளாஞ்சி அங்காலை போட்டுதோ?" என்று முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுவாள்.

1983 தை மாதம், பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், மார்க்கண்டு ஒரு கட்டுக் கடதாசியோடு ஒழுங்கையைக் கடந்து வந்தார்.

"மச்சான், ஒரு மனு எழுதவேணும்."

சோமசேகரத்தின் வீட்டுக்கு இதற்காக ஆட்கள் வருவது புதிதல்ல. பென்சன் வராதவர், இடமாற்றம் கேட்பவர், சம்பள உயர்வு தடைப்பட்டவர் எல்லாரும் அவருடைய பழைய தட்டச்சுப் பொறியை நம்பித்தான் வருவார்கள். அவர் எழுதிப் போன மனு மறுமொழி இல்லாமல் கிடந்ததாகச் சரித்திரம் இல்லை. ஊரில் அவருக்கென்று இருந்த ஒரே பெருமை அது.

"ஆருக்கு?"

"எனக்குத்தான். அந்தப் பழைய மேஜர் விசயம். சிபாரிசு போயும் வராமல் கிடந்ததே, அது. இப்ப பழைய பிழையளைத் திருத்தினமாம். எனக்குப் பிறகு வந்த ஒருத்தருக்குப் பழைய திகதி போட்டுக் குடுத்திருக்கினம்."

"பதினாறு வருசத்துக்குப் பிறகு என்னத்துக்கு மச்சான் உது?"

"மகள் குணலட்சுமிக்கு ஆவணியிலை கலியாணம். அழைப்பிதழ்க் காட்டிலை தேப்பன்ரை பேர் போடவேணும். போடுறதைச் சரியாய்ப் போடுவம் எண்டு பாக்கிறன்." மார்க்கண்டு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காசு ஒண்டும் வேண்டாம் எண்டு எழுது. அந்த ஒரு சொல்லைத் தந்தால் காணும்."

அந்தச் சொல் எங்கே, யார் கையில் நின்றது என்று உலகத்தில் சோமசேகரம் ஒருவருக்குத்தான் தெரியும். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஒரு கடிதக் கோவையைப் பதில் வரும்வரை ஒதுக்கி வைக்கும்போது, அதை மறுபடி எந்தத் திகதியில் மேசைக்கு எடுக்கவேண்டும் என்று முகப்பில் எழுதிக் கையொப்பம் வைப்பது எழுதுவினைஞரின் வேலை. அந்தத் திகதி வரும்வரை கோவை இறாக்கைத் தட்டில் தூங்கும், ஒருவரும் தொடமாட்டார்கள். மார்க்கண்டுவின் முதல் நியமனமே இப்படி எங்கேயோ தூங்கி அரசாங்க வர்த்தமானியில் ஏழு மாதம் பிந்தி வந்தது. அதில் சோமசேகரத்துக்குப் பங்கில்லை. ஒரு கடதாசி தூங்கினால் ஒரு மனிதன் எவ்வளவு பின்னுக்குப் போவான் என்பதை மட்டும் அதிலிருந்து படித்துக்கொண்டார்.

1966 தை, அதாவது ஜனவரி, மூன்றாம் திகதி, மார்க்கண்டுவை மேஜராக உயர்த்தும் சிபாரிசு அவர் மேசைக்கு வந்தது. அன்று காலைதான் கந்தோரில் ஒருவர், "உம்முடைய மச்சான் மேஜராகப் போறார், நீர் இந்தக் கதிரையிலையே வேர் விட்டிட்டீர்" என்று எல்லாருக்கும் கேட்கப் பகிடி விட்டிருந்தார். படைப்பிரிவிலிருந்து ஒரு குறிப்பு வரவேண்டும். இரண்டு கிழமைத் தவணை. 17.1.66 என்று எழுதவேண்டிய இடத்தில் சோமசேகரத்தின் பேனா 17.1.67 என்று எழுதியது. தை மாதத்தில் வருடத்தைப் பிழையாக எழுதாத எழுதுவினைஞர் இல்லை. ஆனால் எல்லாரும் பழக்கத்தில் போன வருடத்தைத்தான் எழுதுவார்கள். வரப்போகிற வருடத்தைப் பிழையாக எழுதியவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். எழுதியதைப் பார்த்தார். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோவையை இறாக்கையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அந்த ஐப்பசியில் மார்க்கண்டுவுக்குக் கப்டன் தரத்துக்குரிய வயதெல்லை வந்தது. மேஜராகியிருந்தால் இன்னும் சில வருடம் இருந்திருக்கலாம். ஆகாதபடியால் கைகுலுக்கி, ஒரு வெள்ளித் தட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த தை பதினேழாம் திகதி கோவை சொன்ன சொல் தவறாமல் மேசைக்கு வந்தது. "அதிகாரி இளைப்பாறிவிட்டார். மூடுக" என்று எழுதிச் சோமசேகரமே அதை மூடினார்.

இப்போது அந்தக் கோவையைத் திறக்கச் சொல்லி அவரையே மனு எழுதச் சொல்கிறான். திறந்தால் முகப்பில் அவருடைய கையெழுத்து இருக்கும். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடும் அவருடைய பழக்கம் இருக்கும். ஊருக்குத் தெரிந்தால் பிறகு ஒழுங்கையால் தலைநிமிர்ந்து போகமுடியாது. முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

நாலு நாள் இருந்து எழுதினார். கெட்டுப்போகும்படி எழுதத்தான் நினைத்தார்; கை விடவில்லை. ஒரு மோசமான மனுவின் கீழ் தன் தட்டச்சுப் பொறியின் எழுத்து இருப்பதை அவரால் தாங்கமுடியவில்லை. நியமனம் பிந்தியதை முதலில் வைத்து, அதனால் சேவை மூப்பு இழந்ததைக் காட்டி, சிபாரிசு போன திகதியையும் இளைப்பாறிய திகதியையும் எதிரெதிரே நிறுத்தி, "மனுதாரரின் எவ்விதத் தவறுமின்றி" என்று முடித்தபோது அவருக்கே கண் கலங்கியது. இவ்வளவு நல்ல மனு தனக்கென்று ஒருநாளும் எழுதியதில்லையே என்று அதிலும் ஒரு எரிச்சல் வந்தது.

ஒன்றை மட்டும் விட்டார். கோவையின் இலக்கம். பதினாறு வருடமாக நித்திரையிலும் மறக்காத இலக்கம். அது இல்லாத கடிதம் அந்த அலுவலகத்தில் எந்த அலுமாரிக்குப் போகும், அங்கிருந்து எப்போது குப்பைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

மார்க்கண்டு வந்து மனுவை ஆறுதலாக வாசித்தார். "சோக்காய் எழுதியிருக்கிறாய்" என்றார். கையெழுத்து வைத்தார். வைத்த பேனாவை மூடாமல், கடதாசியின் மேல் மூலையில், சிறிய வடிவான எழுத்தில் ஒரு இலக்கத்தை எழுதினார். அதே இலக்கம். ஒரு எண்கூடப் பிசகவில்லை.

"உது... உது எப்பிடி உனக்குத் தெரியும்?"

"எங்கையோ கண்டது. நினைவிலை நிண்டுட்டுது." மார்க்கண்டு கடதாசியை மடித்தார். "பதிவுத் தபாலிலை போடுறன். வாறன் மச்சான்."

அதற்குப் பிறகு சோமசேகரத்துக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் எதிர்வீட்டுப் படலையை எட்டிப் பார்த்தார். மறுமொழி வந்தால் மாட்டிக்கொள்வேன் என்று பயம். வராவிட்டால் மனு தோற்ற முதல் அவமானம். வெற்றியாக வந்தாலோ மச்சான் மேஜர். மூன்றில் எதற்கு நேர்த்தி வைப்பது என்று தெரியாமல் பிள்ளையார் கோயிலில் வெறுமனே நின்றுவிட்டு வருவார்.

ஆனி மாதம் மறுமொழி வந்தது. மார்க்கண்டு அதைப் படலையடியிலேயே பிரித்து, ஒழுங்கைக்குக் குறுக்கே வந்து, சோமசேகரத்தின் முன்னால் நின்று தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார். 1966 தை முதலாம் திகதியிலிருந்து மேஜர் தரம் வழங்கப்படுகிறது. எழுதுவினைஞர் ஒருவரின் தவறினால் கோவை உரிய திகதியில் எடுக்கப்படாமைக்கு வருந்துகிறோம்.

"எழுதுவினைஞரின்ரை பேர் போட்டிருக்கோ?" சோமசேகரம் தேவைக்கு அதிகமான வேகத்தில் கேட்டுவிட்டார்.

"இல்லை." மார்க்கண்டு அவரை ஒரு கணம் பார்த்தார். "பேர் என்னத்துக்கு?"

பயம் போயிற்று. அது போன இடத்தில் எரிச்சல் இரட்டிப்பாக வந்து குந்திக்கொண்டது. ஒரு கிழமைக்குள் தபால்காரன் "மேஜர் ஒழுங்கை" என்று சொல்லத் தொடங்கினான். பாலேஸ்வரி, "எங்கடை விலாசத்துக்கும் பதவி உயர்வு கிடைச்சிருக்கு, நீங்கள் ஏன் மூஞ்சியை நீட்டிக்கொண்டிருக்கிறியள்?" என்று சிரித்தாள். சோமசேகரம் அன்று அவளோடு கதைக்கவில்லை.

கலியாணக் காட்டை அடைக்கலநாதனின் அச்சுக்கூடத்தில் அடித்தார்கள். பிழை பார்க்க யாரைக் கூப்பிடுவது? சோமசேகரத்தைத்தான். மை காயாத தாளைக் கையில் வாங்கினார். மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே, மணமகளின் பேரைவிடத் தடித்த எழுத்தில், "இளைப்பாறிய மேஜர் மார்க்கண்டு அவர்கள்." ஒரு பிழையும் இல்லை. பிழை இல்லையென்று சொல்ல அவருக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. திரும்பி வரும் வழியில் கோயிலில் இறங்கி, முதல் தடவையாக இன்னதென்று கேட்டு வேண்டினார். பிள்ளையாரே, கலியாணம் நல்லாய் நடக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வேண்டாம். அந்த ஒரு சொல் மட்டும் இல்லாமல் போகட்டும்.

பிறகு ஆடி வந்தது.

ஆடியில் நடந்ததை யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் படையினர் செத்தார்கள். மறுநாள் படையினர் கண்ட கண்ட சனத்தைச் சுட்டார்கள். கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. காங்கேசன்துறையில் கப்பல் கப்பலாகச் சனம் வந்து இறங்கிற்று. குணலட்சுமியின் மாப்பிள்ளையும் அப்படித்தான் வந்தார். காலில் செருப்பில்லை, தமையனைப் பற்றிய தகவலும் இல்லை. பண்டத்தரிப்பில் வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் அழுதுகொண்டிருந்தார். ஊரில் ஒருவரும் மேஜர் ஒழுங்கை என்று சொல்லவில்லை. கப்டன் ஒழுங்கை என்றும் சொல்லவில்லை. "கோயிலுக்குப் பின்னாலை இருக்கிற ஒழுங்கை" என்றார்கள்.

ஆவணி முதற்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், மார்க்கண்டு இரண்டு கட்டு அழைப்பிதழோடு வந்தார். மூலைக்கு மூலை மஞ்சள் பூசியிருந்தது. கையில் ஒரு போத்தல் கறுப்பு மை.

"கலியாணத்தை நிப்பாட்டேல்லை மச்சான். சின்னனாய்ச் செய்வம் எண்டு மாப்பிள்ளையே சொல்லிப்போட்டார். ஆனால் இந்தக் காட்டை இப்பிடியே கொண்டுபோய் ஆரின்ரை வீட்டிலை நீட்டுறது? மாப்பிள்ளையின்ரை தாய்க்கு நீட்டுறதோ, மேஜர் எண்டு எழுதி?" மார்க்கண்டு கட்டுகளை மேசையில் வைத்தார். "அச்சுக்கூடம் பூட்டு. புதிசாய் அடிக்க ஏலாது. அந்தச் சொல்லை மையாலை மூடிவிடு. ஒரு கோடு காணாது, வாசிக்க ஏலாதபடி மூடவேணும்."

சோமசேகரம் கட்டைப் பார்த்தார். முந்நூற்றைம்பது இருக்கும். கேட்டது கிடைத்துவிட்டது. அவர் கேட்டது இந்த விலைக்கல்ல என்று பிள்ளையாருக்குத் தெரியாதா?

"உன்ரை வீட்டிலை ஆக்கள் இருக்கினம்தானே. என்னட்டை ஏன் கொண்டுவந்தனீ?"

"உன்ரை கை பழகின கை."

மார்க்கண்டு அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அறுபத்தேழு மாசியிலை கந்தோருக்குப் போனனான், சோமு. நீ அண்டைக்கு லீவு. உங்கடை பெரிய கிளாக்கர் பைலை எடுத்துக் காட்டினார். முகப்பிலை திகதி கிடந்தது. ஏழுக்குக் குறுக்காலை கோடும் கிடந்தது. அந்த இலக்கத்தை அண்டைக்குத்தான் பாடமாக்கினனான்." மைப்போத்தலை மேசையில் வைத்தார். "தை மாசத்திலை பழைய வருசத்தை எழுதியிருந்தாய் எண்டால் நம்பியிருப்பன். நீ வாற வருசத்தையெல்லோ எழுதியிருந்தாய்."

உள்ளே பாலேஸ்வரி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பதினாறு வருடம் இந்த மனிதன் எதிர்வீட்டில் இருந்திருக்கிறான், பொங்கலுக்குப் பொங்கல் அனுப்பியிருக்கிறான், எல்லாம் தெரிந்துகொண்டு.

"அப்ப ஏன்... ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் உன்ரை வேலை போயிருக்கும். உனக்கு மூண்டு பிள்ளையள், குஞ்சு குருமன். பாலேஸ்வரி என்னை அண்ணை எண்டு கூப்பிடுறவள்."

"கோவம் வரேல்லையோ உனக்கு?"

"வரேல்லை எண்டு ஆர் சொன்னது? இப்பவும் இருக்குது. அதுக்குத்தானே மனுவை உன்னைக் கொண்டு எழுதுவிச்சனான். 'மனுதாரரின் எவ்விதத் தவறுமின்றி' எண்டு உன்ரை கையாலை எழுதவேணும் எண்டிருந்தது. எழுதினாய். காணும்." மார்க்கண்டு மைப்போத்தலின் மூடியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். "இப்ப இதையும் நீயே செய்."

சோமசேகரம் பேனாவைத் தோய்த்தார். முதல் காட்டில் மை வழிந்து மார்க்கண்டுவின் பேரிலும் பட்டது. பிறகு அளவு பிடிபட்டது. ஒவ்வொன்றாக எடுத்து, அந்தச் சொல்லின் மேல் மேலும் கீழுமாக இழுத்து, ஒரு கறுப்புப் பெட்டியாக்கி, காயவிட்டு, அடுத்ததை எடுத்தார். மார்க்கண்டு காய்ந்தவற்றை அடுக்கினார். வாழ்நாளில் அவர் மிகவும் ஆசைப்பட்ட வேலை இது. முந்நூற்றைம்பது தரம் செய்யக் கிடைத்தும் ஒரு தரம்கூட இனிக்கவில்லை. வெயில் சாய்ந்தபோது விரலெல்லாம் கறுத்திருந்தது.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. அதை எடுக்கக் கை நீட்டியபோது மார்க்கண்டு தடுத்தார். அந்தக் காட்டைத் தானே எடுத்து, உறையில் "திரு. சோமசேகரம் குடும்பத்தினர்" என்று எழுதி, எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது உனக்கு. இதிலை மூடாதை."

"ஏன்?"

"ஒராளாவது வாசிக்கவேணும், சோமு. நீ வாசிச்சால் எனக்குக் காணும்."

வெள்ளைச் சட்டைக்குள் அந்த முதுகு வளையாமல் ஒழுங்கையைக் கடந்து போவதைச் சோமசேகரம் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. பதவிக்கல்ல, காளாஞ்சிக்குமல்ல. பதினாறு வருடம் ஒரு விசயத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு எதிர்வீட்டில் அமைதியாகச் சோறு தின்ன ஒரு மனிதனால் முடிந்திருக்கிறதே, அதற்கு. தன்னால் ஒருநாள் முடிந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பரீட்சையிலும் நெஞ்சளவு குறைந்துபோயிற்று.

பாலேஸ்வரி ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து காட்டை வாங்கி வாசித்தாள். "ஐயோ, இதிலை மேஜர் எண்டு அப்பிடியே கிடக்குது. இதை மூட மறந்துபோனியளே?"

"மறக்கேல்லை. தா இஞ்சை."

வாங்கிக்கொண்டு மேசைக்குப் போனார். கிடைத்த கடதாசிக்கெல்லாம் பின்பக்கத்தில் திகதி போட்டு வைப்பது முப்பத்தொரு வருடப் பழக்கம். காட்டைத் திருப்பி, கிடைத்த திகதியை எழுதி, கையொப்பம் வைத்தார். வருடத்தை இரண்டு தரம் சரிபார்த்தார்.